பைத்தான் 3.12-க்கு மாறியதும் டெஸ்ட் ஏன் சிவப்பாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் புரோகிராம்களை பைத்தான் 3.12-க்கு மாற்றத் தொடங்கியதிலிருந்து பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "கோடில் ஒரு வரிகூடத் தொடவில்லை. நேற்றுவரை பச்சையாக (தேறி) ஓடிய டெஸ்ட் இன்று ஏன் சிவப்பு (தோல்வி)?" ஆளுக்கு ஆள் போனில் விளக்குவதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

ஒளிக்காமல் சொன்னால், அந்த டெஸ்ட்டுகளில் பல நேற்றும் எதையும் சோதிக்கவில்லை.

டெஸ்ட்டில் அசல் பொருளுக்குப் பதிலாக நிற்கும் போலிதான் மாக். அது ஒரு பூம்பூம் மாடு. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு, அந்தப் பெயரில் புதிதாக இன்னொரு மாக்கை எடுத்துக் கொடுக்கும். ஒரே முறை, சொன்ன மதிப்புகளோடு அழைக்கப்பட்டதா என்று சோதிக்க 'அசெர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித்' என்று எழுத வேண்டிய இடத்தில் முன்னால் வரும் 'அசெர்ட்' விடுபட்டுப்போனால், மாக் அதற்கும் சரி என்றுதான் சொல்லும். பிழை வராது, டெஸ்ட் பச்சை. 'அசெர்ட்' என்று தொடங்கும் தப்பான பெயர்களை 3.5 பதிப்பிலிருந்தே பைத்தான் பிடித்துவிடுகிறது. முன்னொட்டே இல்லாமல் எழுதுவதைப் பிடிக்கும் வசதி 2023 அக்டோபரில் வந்த 3.12-ல்தான் சேர்ந்தது. நீங்கள் பார்க்கும் 'ஆட்ரிபியூட் எரர்' பெரும்பாலும் இதுதான். விடுபட்ட 'அசெர்ட்'டைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிவப்பு என்றால், இத்தனை நாள் மறைந்திருந்த கோளாறு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது, உடனே எங்களுக்கு எழுதுங்கள். இந்தப் பெயர்ச் சோதனையை அணைக்கும் 'அன்சேஃப்'பை ட்ரூ ஆக்கினால் சிவப்பு போய்விடும், உண்மைதான். ஆனால் அதைச் செய்வதற்குப் பதில் அந்த டெஸ்ட்டையே அழித்துவிடலாம்.

அடுத்தது பதிப்புக்குச் சம்பந்தமில்லாத பழைய தலைவலி: "பேட்ச் போட்டும் வாடிக்கையாளருக்கு நிஜமாகவே எஸ்எம்எஸ் போகிறது." பேட்ச் என்பது டெஸ்ட் ஓடும்போது ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டு மாக்கை வைப்பது. இங்கே பார்க்க வேண்டியது இம்போர்ட் வரியை. பில்லிங் ஃபைலின் தலையில் 'ஃப்ரம் எஸ்எம்எஸ் இம்போர்ட் செண்ட்' என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த வரி ஓடியவுடனே 'செண்ட்' என்ற பெயர் பில்லிங்குக்கும் சொந்தமாகிவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் 'எஸ்எம்எஸ்.செண்ட்' என்பதை பேட்ச் செய்தால், எஸ்எம்எஸ் ஃபைலில் உள்ள பெயர் மட்டும் மாறும். பில்லிங் தன்னிடம் உள்ள பழைய, அசல் ஃபங்ஷனையே அழைக்கும். பேட்ச் செய்ய வேண்டியது 'பில்லிங்.செண்ட்'. மாறாக, பில்லிங்கில் வெறும் 'இம்போர்ட் எஸ்எம்எஸ்' என்று இருந்து, உள்ளே 'எஸ்எம்எஸ்.செண்ட்' என்று அழைத்தால் முதலில் சொன்ன பேட்ச்சே போதும். எங்கே எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டு, எங்கே தேடப்படுகிறது என்று பாருங்கள்.

பில் தொகை காரணமே இல்லாமல் 1 என்று வருகிறதா? மாக்கின் ஒரு வகையான மேஜிக்மாக்கை, முழு எண்ணாக மாற்றும் 'இன்ட்'டுக்குள் போட்டால் 1 தான் வரும். விலையைத் தரும் ஃபங்ஷனுக்கு 'ரிட்டர்ன் வேல்யூ' கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அதேபோல, பொருள்களின் பட்டியலை அனுப்பியும் மாக் காலிப் பட்டியல் வந்ததாகக் காட்டினால், அழைத்த பிறகு கோடு அந்தப் பட்டியலை காலி செய்கிறதா என்று பாருங்கள். மாக் நகல் எடுத்து வைப்பதில்லை. அதே பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி எங்கள் தரப்பில் ஒரு மாற்றம். அடுத்து அனுப்பும் டெஸ்ட் தொகுப்பிலிருந்து பேட்ச் எல்லாவற்றிலும், மாக்கை அசலின் வடிவத்துக்குக் கட்டுப்படுத்தும் 'ஆட்டோஸ்பெக்' போடப்போகிறோம். அப்போது மாக், அசல் ஃபங்ஷன் ஏற்கும் ஆர்குமென்ட்களை மட்டுமே ஏற்கும். யாராவது ஃபங்ஷனில் கட்டாய ஆர்குமென்ட் ஒன்று கூட்டிவிட்டு, அதை அழைக்கும் இடத்தை மறந்துவிட்டால் டெஸ்ட் அங்கேயே நிற்கும். இதுவரை அப்படி நின்றதில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளாஸுக்கு ஆட்டோஸ்பெக் போடும்போது, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் 'இனிட்'டுக்குள் 'செல்ஃப்' மூலம் உருவாகும் ஆட்ரிபியூட்கள் அதன் கண்ணில் படாது. ஆகவே கோடு சரியாக இருந்தும் சில டெஸ்ட் சிவப்பாகும். அந்த மாதிரி இடங்களில் மாக்கின் மீது அந்த ஆட்ரிபியூட்டை நீங்களே வைத்துவிடுங்கள், அல்லது கிளாஸ் மட்டத்தில் ஒரு தொடக்க மதிப்பு கொடுங்கள். எத்தனை இடத்தில் இப்படி வரும் என்பது உங்கள் கோடைப் பொறுத்தது. முதல் வாரம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

உதவி கேட்டு எழுதும்போது "மாக் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல் மூன்றை இணையுங்கள்: பேட்ச் வரி, சோதிக்கப்படும் ஃபைலின் இம்போர்ட் வரிகள், டெஸ்ட்டின் கடைசியில் 'மாக்_கால்ஸ்'ஸை (மாக்குக்கு வந்த அழைப்புகளின் பட்டியல்) பிரிண்ட் செய்தால் வருவது. அது காலியாக இருந்தால் கோடு உங்கள் மாக்கை அழைக்கவே இல்லை என்று அர்த்தம், மேலே சொன்ன இம்போர்ட் விஷயத்தை முதலில் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டெஸ்ட் பராமரிப்புக் குழு