பழைய கார்களுக்கு விதி உண்டு, பாகம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களை ‘விண்டேஜ்’ வாகனங்களாக அங்கீகரித்து, புதிதாகப் பதிவு செய்யப்படுபவற்றுக்கு ‘விஏ’ வரிசையில் எண் வழங்கும் விதியை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்ததை என்னைப் போன்ற உரிமையாளர்கள் வரவேற்றோம். பதிவுக் கட்டணம் ரூ.20,000 என்பதுகூட எங்களுக்குப் பெரிய குறையில்லை. ஆனால் சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று வலியுறுத்தும் அந்த விதி, அசல் பாகங்களுக்கு எங்கே போவது என்பது பற்றி வாய்திறக்கவில்லை.

அம்பாசடருக்கும் பியட்டுக்கும் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. என்னிடமுள்ள 1950களின் ஜாகுவார் மார்க் 7க்கு அங்கே ஒரு போல்ட்டுகூடத் தேறாது. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் அதன் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களில், பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டும் ஊசியும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன என்றாலும், சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் பாகத்தின் விலையே அற்பமாகிவிடுகிறது. கிடைக்காதவற்றை லேத்தில் கடைந்து கொடுக்கும் பழைய மெக்கானிக்குகளும் (அவர்களுக்கு மாதிரி பாகம் ஒன்றே போதும்) குறைந்துவருகிறார்கள்.

இதற்கிடையே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அது பழைய ரப்பர் குழாய்களையும் காரின் பெட்ரோல் பம்ப்பிலுள்ள டயாஃப்ரம் என்ற சவ்வையும் கெடுப்பதோடு, வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் ஈரத்தை ஈர்த்து டேங்கைத் துருப்பிடிக்கவும் வைக்கிறது.

விண்டேஜ் பதிவுள்ள கார்களுக்கான பாகங்களுக்குச் சுங்கச் சலுகையும், பெருநகரங்களில் ஓரிரு பங்க்குகளிலாவது எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.