அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கோ-கோ போட்டியில் நம் பெண்கள் நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் சனிக்கிழமைகளிலும் வந்து பாடம் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளி மாலை 3.45க்கு விடுகிறது. போன மாதம் மழை நாட்களில் 4.30க்கு மேலும் கேட் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 5.40 வரை இருந்தான். அவிநாசி சாலை நெரிசல், மில்லில் ஷிஃப்ட் மாறுவது, வண்டி பஞ்சர் எல்லாம் எனக்கும் தெரியும். தாமதமே கூடாது என்று சொல்லவில்லை. தகவல் இல்லாத தாமதம்தான் என் கவலை.

பிள்ளைகள் என்னை ‘ஹெலிகாப்டர் சார்’ என்று கூப்பிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள் (என் காதில் விழாது என்று நினைக்கிறார்கள்). விமானப்படையில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஓட்டியவன் நான். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்துக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து போனோம். மொட்டைமாடிகளில் நின்றவர்களை வின்ச் கயிற்றில் தூக்கும்போது, நேர் கீழே நடப்பது பைலட்டுக்குத் தெரியாது. கதவோரம் படுத்திருப்பவர் “ரெண்டு மீட்டர் முன்னால, ஒரு மீட்டர் வலது” என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பி அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்குத்தான் எரிபொருள் அதிகம் செலவாகும். திரும்ப வேண்டிய அளவு வந்ததும், மாடியில் இன்னும் ஆட்கள் இருந்தாலும் கிளம்பியாக வேண்டும். ‘வருகிறோம்’ என்று கையைக் காட்டிவிட்டுப் போவோம். அடுத்த நடையில் ஏறிய ஒரு பாட்டி சொன்னார்: எங்கே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலும் பேரப்பிள்ளைகள் எழுந்து நின்றார்களாம்.

அந்த இரண்டாம் வகுப்புப் பையனும் ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் எழுந்து பையைத் தோளில் மாட்டினான். அப்புறம் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை, எண்ண மனசு வரவில்லை.

வானில் ஒரு விதி உண்டு, உலகம் முழுக்க ஒன்றுதான். பேச வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடம் விமானத்திலிருந்து குரல் வரவில்லை என்றால், தரையில் இருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது. விசாரிக்கத் தொடங்குவார்கள். அதிலும் பதில் இல்லையென்றால் அடுத்த கட்டம், பிறகு தேடுதல். 2013 ஜூன் 25 அன்று உத்தரகண்ட் மீட்புப் பணியில் எம்ஐ-17 ஒன்று கௌரிகுண்ட் அருகே விழுந்து, அதில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். குரல் வராத அரைமணி நேரத்தை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதே 30 நிமிடத்தை ஜனவரியிலிருந்து பள்ளியிலும் வைக்கிறோம். 4.15க்குள் நீங்கள் வராமலும் போன் செய்யாமலும் இருந்தால், அலுவலகம் உங்களைக் கூப்பிடும். நீங்கள் எடுக்காவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டாவது எண்ணைக் கூப்பிடும். அந்த எண் இப்போதும் வேலை செய்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

ஒரு மாதத்தில் மூன்று முறை தகவல் இல்லாமல் தாமதமானால் என்னை நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும். “ஃபீஸ் கட்டுகிறோமே” என்று ஒருவர் கேட்டார். கட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாம்மாவுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. 5.10 பஸ்ஸை விட்டால் அவருக்கு அடுத்தது 6.20க்குத்தான்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. உங்களில் பெரும்பாலானோர் நேரத்துக்கு வருகிறீர்கள். குடையோடு 3.15க்கே வந்து நிற்கும் தாத்தாக்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் அப்பாவுக்கும் என் நன்றி. விடுமுறை இனிதாகக் கழியட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு: அலுவலகத்தில் 11 டிபன் பாக்ஸ்களும் ஒற்றைக்கால் ஷூ ஒன்றும் இருக்கின்றன. விடுமுறைக்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸ்களை ஆயாம்மா கழுவி வைத்துவிட்டார்.