அந்தத் தீர்க்கதரிசிக்கு ஒரு பெயர் உண்டு

எல்லாச் சமயங்களிலும் சிறுவர்களுக்கான சமயப் பாடநூல்களை எழுதுவோருக்கும், அவற்றைப் பார்த்து அச்சுக்கு அனுமதி தரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். பழைய யூதா நாட்டை ஆண்ட யோசியா அரசனின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது கடவுளின் கட்டளைகள் அடங்கிய நியாயப்பிரமாண நூல் ஒன்று கிடைக்கிறது. அதை வாசிக்கக் கேட்ட அரசன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். "தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், அவர் கர்த்தருடைய வார்த்தையைச் சொன்னார்" என்று கையேட்டில் இருந்தபடியே சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.

ஒரு வாரம் கையேட்டை மூடி வைத்துவிட்டு வேதாகமத்தையே எடுத்து, இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைப் படித்தேன். அந்தத் தீர்க்கதரிசியின் பெயர் உல்தாள். அரசனின் உடைகள் இருக்கும் வஸ்திரசாலையைக் கவனித்த சல்லூமின் மனைவி. எருசலேமில் குடியிருந்தவள். பிரதான ஆசாரியன் இல்க்கியா உட்பட ஐந்து பெரிய மனிதர்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். அவள் தயங்கவில்லை. அரசன் என்றுகூடச் சொல்லாமல், உங்களை அனுப்பிய மனிதனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று தொடங்குகிறாள். கி.மு. 622 என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கும் அந்த ஆண்டில் பெரிய தீர்க்கதரிசி எரேமியாவும் தீர்க்கதரிசனம் உரைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அரண்மனை ஆட்கள் போனது உல்தாளின் வீட்டுக்கு. கிடைத்த நூல் கடவுளின் சொல்தான் என்று உறுதி சொன்னது ஒரு பெண்ணின் வாய். அடுத்த அதிகாரம் முழுக்க நாட்டையே புரட்டிப் போடும் சீர்திருத்தம், அவள் தந்த அந்த உறுதியின் மேல் நிற்கிறது.

எங்கள் கையேட்டில் அவள் "அவர்" ஆகிவிட்டாள். அது மரியாதைச் சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தீர்க்கதரிசி, நபி, ஞானி, முனிவர் என்ற சொற்களோடு "அவர்" வந்து சேரும்போது பிள்ளைகளின் மனத்தில் தாடி வைத்த ஒருவர்தான் எழுந்து நிற்கிறார். எனக்கும் அவர்தான் நின்றார், அத்தனை ஆண்டுகளாக.

இந்த மடலை ஒரு சமயத்தாருக்கு மட்டும் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கடவுளின் சொல்லைச் சொன்ன பெண்கள் நம் பாடநூல்களில் எங்கே என்று பேச்சை எடுத்தாலே இரண்டு பதில்கள் வருகின்றன. "எங்களிடம் எத்தனை பெண் தெய்வங்கள், பாருங்கள்" என்பது ஒன்று. "எங்கள் இறைவனுக்கு ஆண் பெண் என்ற பேதமே இல்லை" என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையே. ஆனால் நான் கேட்பதற்கு இரண்டுமே பதில் ஆகவில்லை. தெய்வம் பெண்ணாக இருப்பது வேறு. தெய்வத்தின் சொல்லை எடுத்துச் சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் இருந்தது, ஊர் அவளைக் கேட்டது என்பது வேறு. பெண் தெய்வம் அத்தீனாவின் பெயரையே தாங்கிய பழைய கிரேக்க நகரம் ஏதென்ஸ், மலை உச்சியில் அவளுக்குப் பார்த்தெனான் கோயிலைக் கட்டியது. ஆனால் அன்று அந்த நகரின் மக்கள் மன்றத்தில் ஒரு பெண்ணும் எழுந்து பேச முடிந்ததில்லை. மறுபக்கம், பெண் தெய்வம் கூடாது என்று உறுதியாக நின்ற யூத மரபிலோ, அறிஞர்களின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூத் நூல் 48 ஆண் தீர்க்கதரிசிகளோடு 7 பெண் தீர்க்கதரிசிகளையும் எண்ணி வைத்திருக்கிறது: சாராள், மிரியாம், தெபொராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர். பாதிக்குப் பாதி இல்லைதான். பாதிக்குப் பாதி நான் கேட்கவும் இல்லை. எண்ணி வைத்த ஏழு பேரில் எத்தனை பேரை நம் பிள்ளைகள் தீர்க்கதரிசிகளாக அறிவார்கள்? எஸ்தர் அழகான ராணி. சாராள் ஆபிரகாமின் மனைவி. அன்னாள் பிள்ளைக்காக அழுத தாய். அவ்வளவோடு பாடம் முடிந்துவிடுகிறது.

புதிய ஏற்பாட்டிலும் இதே கதைதான். ரோமர் 16:7இல் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று பவுல் வாழ்த்துச் சொல்லும் இருவரில் ஒருவர் யூனியா. நான்காம் நூற்றாண்டில் திருச்சபையின் பெரிய போதகரான கிரிசோஸ்தோம் அந்த வரியைப் படித்து, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதி பெற்ற இந்தப் பெண்ணின் ஞானம் எத்தகையது என்று வியந்தார். பிற்காலத்தில் அந்தப் பெயரை யூனியாஸ் என்று ஆணாக்கிவிட்டார்கள். அப்படியோர் ஆண்பெயர் பழைய கல்வெட்டுகளில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை. யூனியா என்ற பெண்பெயரோ ரோமில் சாதாரணமாக வழங்கியது. ஒரு பெண் அப்போஸ்தலராக இருந்திருக்க முடியாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டதால் நடந்த திருத்தம் இது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யூனியா என்றே இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சமண நண்பர்களே, இதே வேலை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. சமணம் போற்றும் இருபத்துநான்கு ஞானகுருமார்களான தீர்த்தங்கரர்களில் பத்தொன்பதாமவரான மல்லி பெண் என்கிறது சுவேதாம்பரப் பிரிவு. மல்லிநாதர் ஆண்தான் என்கிறது திகம்பரப் பிரிவு. அந்த மரபில் பெண்ணுடலோடு வீடுபேறு இல்லை என்பதால் பெண் தீர்த்தங்கரருக்கும் இடமில்லை. பெண்ணென்று ஏற்கும் மரபும், முற்பிறவியில் தவத்தில் செய்த வஞ்சனையின் பயனாக அந்தப் பிறவி வந்தது என்று ஒரு காரணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒரு பெண் இருபத்துநால்வரில் ஒருத்தியாக இருந்தாளா என்று ஒரு சமயமே நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வாதத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.

இஸ்லாமியப் பாடநூல் எழுதும் பெரியவர்களிடமும் இதே கோரிக்கைதான். குர்ஆன் பெயர் சொல்லும் 25 நபிமார்களும் ஆண்கள். ஈஸா நபியின் தாயார் மர்யம் அம்மையாரை நபி என்று பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்றதில்லை. ஆயினும் பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோவா நகரத்து அறிஞர் இப்னு ஹஸ்ம், மர்யமுக்கும் மூஸா நபியின் தாயாருக்கும் இறைவனிடமிருந்து செய்தி வந்ததைக் காட்டி, பெண்களுக்கும் நபித்துவம் உண்டு என்று வாதிட்டார். அவருக்குப் பின் குர்ஆனுக்கு உரை எழுதிய குர்துபியும் மர்யமை நபி என்றே கொண்டார். அவர்கள் முடிவை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய இமாம்கள் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டார்கள் என்பதை மாணவர்கள் அறியட்டும்.

இந்து சமய நூல்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு அதிக ஆதங்கம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 125ஆம் சூக்தம், அதாவது துதிப்பாடல். அதைக் கண்ட ரிஷி அம்பிருண முனிவரின் மகள் வாக். அதில் போற்றப்படும் தெய்வமும் வாக்குதான். எட்டுப் பாடல்களிலும் "நான்", "நான்" என்று அவளே பேசுகிறாள். தெய்வமும் பெண், வாயும் பெண். இது எவ்வளவு அபூர்வம்! ஆனால் ரிஷிகள் என்றவுடன் பாடநூலில் வருவது வசிஷ்டரும் விசுவாமித்திரரும்தான். வேதப் பாடல்களைக் கண்ட பெண்களான லோபாமுத்திரையும் கோஷையும் அபாலையும் எங்கே?

இன்னொன்றும் உண்டு. பேசிய பெண்ணை மனுஷியாகவே விட்டுவைக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆழ்வார் பன்னிருவரில் ஆண்டாள் ஒருத்தி. அவளைப் பூமிப்பிராட்டியின் அவதாரம் என்று உயர்த்தினோம். பக்தியால் செய்ததுதான். ஆனால் அவதாரத்தைக் கும்பிடத்தான் முடியும். அவளைப் போல நானும் எழுதுவேன் என்று ஒரு சிறுமி நினைப்பதற்கு அவள் முதலில் ஒரு பெண்ணாக, மொழியில் தேர்ந்த ஒரு கவியாகத் தெரிய வேண்டும். நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவர். அவர்களில் காரைக்கால் அம்மையாரின் பாடல்கள் நம் கையில் இருக்கின்றன. அவர் தந்த மாங்கனியைச் சொல்லும் பாடங்கள் அவர் பாடிய பாட்டைச் சொல்வதில்லை.

பௌத்தர்களிடம் பொக்கிஷமே இருக்கிறது. தேரீகாதை என்ற பழைய பாலி நூலின் 73 பாடல்களும் பிக்குணிகளின், அதாவது பெண் துறவிகளின், வாய்மொழி. இரண்டு விரல் அளவு அறிவுள்ள பெண்ணுக்கு இந்த நிலை எட்டுமா என்று, தவத்தைக் கலைக்க வரும் மாரன் ஏளனம் செய்கிறான். மனம் ஒருமைப்பட்டபின் பெண்ணாயிருப்பது என்ன செய்துவிடும் என்று திருப்பிக் கேட்கிறாள் பிக்குணி சோமா. இந்த ஒரு பதிலைப் பத்து வயதில் கேட்ட சிறுமி அதை எங்கும் கூடவே எடுத்துப் போவாள்.

புதிதாக எதையும் எழுதிச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. வேதத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். உங்கள் பாடநூலின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன், "ஒரு தீர்க்கதரிசி", "ஒரு முனிவர்", "ஒரு துறவி" என்று பெயரில்லாமல் நிற்கும் வரிகளை மூலநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பெண்ணின் பெயர் இருந்தால் அந்தப் பெயரை எழுதுங்கள். அவள் சொன்னதை அவள் சொன்னாள் என்றே எழுதுங்கள். படம் வரைகிறவரிடமும் சொல்லி வையுங்கள். உல்தாளின் கதைக்கு இனி வரையும் படத்தில் ஐந்து ஆண்கள் நின்று கேட்க, நடுவில் அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும்.

அன்புடன்,
ஞாயிறு பள்ளி முன்னாள் ஆசிரியை