செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். தூத்துக்குடியில் வாழும் ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்களான நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம், ஜூன் 25 மாலுமிகள் தினம், செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்தநாள் ஆகியவை வழக்கம்போல் கொண்டாடப்பட்டன.

இவ்வாண்டின் முதன்மையான பணி பள்ளி மாணவர்களுக்கு நடத்திய கப்பல் வகுப்புகளே. ‘பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்கள் ஒரு வகுப்புக்காவது வந்திருக்கலாம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, இரவில் ஓடும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும் என்பது தெரியவில்லை. சுமை ஏற்றிய கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்ட அதன் பக்கவாட்டில் வரைந்திருக்கும் சுமைக்கோடு பற்றி விளக்குவதற்காக, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவை முதலில் நல்ல தண்ணீர் வாளியிலும், பிறகு உப்பளத்து உப்பைத் தாராளமாகக் கரைத்த வாளியிலும் மிதக்கவிட்டோம். நல்ல தண்ணீரில் டப்பா கூடுதலாக அமிழ்வதைப் பிள்ளைகளே ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, கப்பலில் நன்னீருக்கெனத் தனிக்கோடு இருப்பதன் காரணத்தையும் சொல்லிவிட்டார்கள். “ராத்திரி கப்பலை எங்கே நிறுத்திவிட்டுத் தூங்குவீர்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான்கு மணி நேரம் வாட்ச் என்னும் முறைப்பணி, எட்டு மணி நேரம் இடைவெளி என்று ஆள் மாறி மாறிக் கப்பலை ஓட்டுவதையும், நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் வழக்கமாக இரண்டாம் அதிகாரிக்கு வாய்ப்பதையும் அந்த வாட்ச் பார்த்த ஒருவர் சொல்லியிருந்தால் சிறப்பாக இருந்திருக்கும். வருவதாக ஒப்புக்கொண்டவர் வராததால், இன்ஜின் அறையிலேயே காலம் கழித்த நான் சொல்ல வேண்டியதாயிற்று.

பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களின் முழங்கால் வலியைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதே மாலைகளில் அவர்களில் சிலர் கடற்கரைப் பூங்காவில் சீட்டாடியதையும் செயற்குழு அறியும்.

கணக்குகள் தணிக்கையில் உள்ளன. செலவு வரவுக்குள் அடங்கியதாகவே தெரிகிறது. சந்தா நிலுவைதான் கவலையளிக்கிறது. டாலரில் சம்பளம் வாங்கியவர்கள் ஆண்டுச் சந்தாவுக்குத் தவணை கேட்பது வியப்பாக உள்ளது.

இடமளித்த பள்ளிகளுக்கும், தேநீர் வழங்கிய அன்பர்களுக்கும் நன்றி.

கப்பல் வேலை வாங்கித் தருவதாகப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் ஏஜென்டுகள் பெருகிவிட்டதால், உரிமம் பெற்ற ஏஜென்சி வேலை தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியை வரும் ஆண்டு வகுப்புகளில் பெற்றோரையும் அழைத்து விளக்க எண்ணியுள்ளோம். இதற்கு மாதம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். பெயர் எழுதும் பதிவேடு வாசல் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்