இறுதியாண்டு மாணவர்கள் கவனத்துக்கு: யூடிஐடி அட்டை

தம்பி, தங்கைகளே,

ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பு, எழுத்தில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்கள் யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு, இணையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவ மதிப்பீடு முடிய நாளாகும். வேலை அறிவிப்பு வந்தபின் ஓடினால் சிரமம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலைகளில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. இதற்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) சட்டப் பட்டியலில் தனியாக இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

தனியார் நேர்காணல் என்றால் அமைதியான அறையோ, எழுத்தில் கேள்விகளோ வேண்டுமென்று முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

கடிதம் எழுத உதவி வேண்டுமா? எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். குழுவில் சொல்ல வேண்டியதில்லை.