காட்டுச் சாலைக்கு ஒரு பலகை

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆடிச் சாரலில் செங்கோட்டையிலிருந்து பைக்கில் கேரளத்துப் புனலூர் போகத் திட்டமிடுகிறேன். அறுபத்திரண்டு வயதில் இது தேவையா என்கிறாள் மனைவி. பதில் சொல்லாமல் செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஆரியங்காவு வழி எளிது; ஆனால் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு எதைப் பார்ப்பது? மேக்கரையில் மலையேறி, அச்சன்கோவில் காட்டுக்குள் இறங்கி, அலிமுக்கு வழியே போவேன். 1877இல் கட்டிமுடித்த புனலூர்த் தொங்குபாலத்தில் நின்றுவிட்டு, திரும்புகையில் தென்மலைப் பதிமூன்று கண் ரயில் பாலம்.

சென்ற முறை கோட்டைவாசல் தாண்டிப் பெட்ரோல் தீர்ந்தது. யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்த சாலையில் வண்டியைத் தள்ளினேன். அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டர் என்று காட்டின் முகப்பில் ஒரு பலகை வையுங்கள். மலையாளத்தில் மட்டும் எழுதினாலும் சரி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர், எங்கள் வீட்டில் படிக்க ஆள் உண்டு.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
செங்கோட்டை