நத்தை கொண்டுவந்த அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். அந்த மூணு நாள் என்ன நடந்துச்சுன்னு திரும்பச் சொல்லப் போறதில்ல, ஊர்ல எல்லாரும் பாத்ததுதான், பாக்காதவங்களுக்கு வாட்ஸ்அப்ல வீடியோ வந்திருக்கும். நத்தைகுத்தி நாரைங்க கூடு கட்டியிருந்த குளத்தங்கரை புளியமரம் இப்ப இல்ல, குஞ்சுங்க கீழ விழுந்துச்சு. நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனா வானம் மட்டும் பெருசா தெரியுது, ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா 17 குஞ்சு பொழச்சிருக்கு. அத நெனச்சுத்தான் இன்னிக்கு காலையில உக்காந்து எழுதறேன், கை இன்னும் சரியா நிக்கல.

மொதல்ல ஒரு பெரிய நன்றி, ஏணி கொண்டாந்த பசங்களுக்கு, ராத்திரி ஒரு மணிக்கு வந்து லைன ஆஃப் பண்ணிக் குடுத்த ஈபி அண்ணனுக்கு, பழைய மீன் வலைய மரத்தடியில விரிச்சுக் கட்டுனவங்களுக்கு, கால் ஒடிஞ்ச குஞ்சுகள எடுத்துட்டுப் போன வனத்துறைக்காரங்களுக்கு, காசு வாங்காம ரெண்டு நாளும் வந்து பாத்த கால்நடை டாக்டருக்கு, டீக்கட மாமாவுக்கு. எச்சம் விழுது, நாத்தம் தாங்கலன்னு போன வருஷம் இந்த மரத்த வெட்டியே தீரணும்னு நின்னாங்களே, அவங்க வீட்டுலேர்ந்துதான் மூங்கில் கூடை வந்துச்சு. அதுக்கும் நன்றி, மனசார.

ஆனா நான் முக்கியமா எழுத வந்தது களை எடுக்கற அக்காவப் பத்தி.

ரெண்டாம் நாள் காலையில என் வீட்டுத் திண்ணையில சாக்கு விரிச்சு வரிசையா குஞ்சுங்க. எல்லாம் நத்தைகுத்தி நாரை. நான் பதினஞ்சு வருஷமா பறவை பாக்கறேன், வடுவூர் ஏரிக்கு வாரா வாரம் போறவன், கோடியக்கரைக்கு பூநாரை பாக்கப் போயிருக்கேன், கேமரா வெச்சிருக்கேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. மீன வெட்டி வாயில வெச்சா துப்புது, தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குது, ஒண்ணு என் கண்ணு முன்னாலயே தலைய தொங்கப் போட்டுடுச்சு. யாருக்கு போன் பண்றதுன்னு தெரியாம நின்னுட்டிருந்தப்பதான் அந்த அக்கா வாசல்ல நிக்கறாங்க, கையில ஒரு தூக்குவாளி. முந்தின நாள் சம்பா வயல்ல களை எடுக்கறப்ப பொறுக்குன நத்தை, கழுவி தண்ணியில போட்டு வெச்சிருந்தாங்களாம், அன்னிக்கு அவங்க வீட்டுக் கொழம்பே அதுதான். "ஒரு நாளு கொழம்பு இல்லாட்டி என்னா ஆவும் தம்பி, இதுங்களுக்கு இதான சோறு"ன்னாங்க.

படியிலயே உக்காந்துட்டாங்க. ஒரு கருங்கல்லுல நத்தைய வெச்சு பின்பக்கம் ஒரே தட்டு, தாலிக்கயித்துலேர்ந்து ஊக்க கழட்டி சதைய இழுத்து, மேல ஒட்டியிருக்கற மூடிய பிச்சிப் போட்டு, குடல நீக்கி, தண்ணியில ஒரு அலசு அலசி நறுக்கி வாழையிலையில போடறாங்க, அவ்ளோதான், ஒரு நத்தைக்கு அரை நிமிஷம்கூட ஆகல. நான் ஒண்ண எடுத்து குஞ்சு வாயில வெக்கப் போனேன், கையத் தட்டி விட்டாங்க. "திணிக்காத தம்பி, முன்னால போடு. கோழிக்குஞ்சுக்கு ஊட்டியா வுடறோம்?" முன்னால போட்டோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு, அப்புறம் ஒண்ணு குனிஞ்சு கொத்துச்சு, அப்புறம் பக்கத்துல இருந்தது. தாய்ப்பறவை கூட்டுக்குள்ள கக்கிப் போடும், குஞ்சுங்க பொறுக்கித் தின்னும், இத நான் படிச்சிருக்கேன். படிச்சது அந்த நேரத்துக்கு ஞாபகத்துக்கு வரலயே.

பெரிய பறவைக்கு மூக்கு நடுவுல ஒரு சந்து இருக்கும்ல, மூடுனாலும் மூடாத மாதிரி, குஞ்சுக்கு அது கெடையாது. அதையும் அவங்கதான் காட்டுனாங்க, "வளந்தாத்தான் வாய் பொளக்கும்"னு. எப்படித் தெரியும்னு கேட்டேன். "நாங்க குனிஞ்சு களை எடுக்கறப்ப பத்தடி தள்ளி அதுவும் மேயும், நாங்க பொறுக்கற நத்தையத்தான் அதுவும் பொறுக்குது, பங்காளிதான?"

அந்த ஒரு வார்த்தை மூணு நாளா காதுலயே இருக்கு. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் ரெண்டும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்களோட பட்டியல்ல, வந்தப்ப நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன், எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன். அது பெரிய விஷயம்தான். ஆனா அங்க தங்கற பறவையும் சாப்பாட்டுக்கு நம்ம வயலுக்குத்தான வருது, வயல்ல நத்தை இருந்தாத்தான வரும், மருந்தடிச்சு நத்தையெல்லாம் செத்துப்போனா சரணாலயத்துல போர்டு இருந்து என்ன பிரயோஜனம். எங்க வயல்லயும் அந்த அக்கா பல தடவ களை எடுத்திருக்காங்க, அவங்க பேர நான் அன்னிக்குத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அது எனக்கு ரொம்ப உறுத்துது. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால போடல. காசு குடுத்தேன், வாங்கல. மறுநாளும் அதுக்கு மறுநாளும் தூக்குவாளியோட வந்தாங்க, தெருவுல இன்னும் நாலு பேர கூட்டிக்கிட்டு.

இப்ப அடிபடாத குஞ்சுங்கள கூடையில வெக்கோல் போட்டு பக்கத்து வேப்பமரத்துல கட்டியிருக்கோம். நேத்து மத்தியானம் ரெண்டு பெரிய பறவை வந்து கூடை விளிம்புல உக்காந்துச்சு. கிட்ட யாரும் போக வேண்டாம், போட்டோ எடுக்கறேன்னு அடியில நிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

நான் சில விஷயம் முடிவு பண்ணிட்டேன். எங்க மூணு மா நெலத்துல இனி நத்தைய கொல்ற மருந்து விழாது. ரோட்டோரம் மடையான், அதான் அந்தக் குளத்துக் கொக்க, கட்டி வித்தா பாத்தும் பாக்காத மாதிரி இனிமே போக மாட்டேன், 1972லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வனத்துறைக்கு சொல்லிடுவேன். சிவகங்கை பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்கறதில்ல, நம்ம குளத்தங்கரைத் தெருவுல மட்டுமாவது அத செய்யலாமான்னு கூட்டத்துல கேக்கப் போறேன். புளியங்கன்னு நாலு வாங்கி வெச்சிருக்கேன், நடறதுக்கு ஆள் வாங்க.

ஏணி இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு, யாரோடதுன்னு தெரியல, வந்து எடுத்துக்குங்க. அக்காவோட தூக்குவாளியும் இங்கதான் இருக்கு. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சர்க்கரைப் பொங்கல் வெக்கறாங்க, சாயங்காலம் நானே கொண்டு போறேன்.